பெயர் மாறினால் ஸ்கிரிப்ட் ஓடாது

கேள்வி: பரந்தனில் சிறிய போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறோம். போன ஐப்பசி இடிமின்னலில் கணனியின் லான் போர்ட் (நெட்வேர்க் கேபிள் குத்தும் துளை) பழுதாகிவிட்டது. யூஎஸ்பி லான் அடப்டர் ஒன்று வாங்கிப் போட்டோம். கொப்பி மெஷினில் இருந்து ஸ்கான் வருவதற்காகக் கணனிக்கு நிலையான ஐபி முகவரி கொடுக்கும் பட்ச் ஃபைல் (கட்டளைகள் எழுதிய ஸ்கிரிப்ட்) ஒன்று முன்பே இருக்கிறது. அதை அழுத்தினால் கறுப்பு விண்டோ தோன்றி உடனே மறைகிறது, ஸ்கான் வருவதில்லை. அடப்டர் விற்ற கடையில், 'இது பழுது, விலை கூடினது எடுங்கோ' என்கிறார்கள். எடுக்கவா?

பதில்: இப்போது எடுக்காதீர்கள். அந்த அடப்டரில் இணையம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அடப்டர் நல்லது, கோளாறு ஸ்கிரிப்டில்.

விண்டோ மறைந்தால் பிழையை வாசிக்க முடியாது. ஆகவே ஃபைலை இரட்டைக் கிளிக் செய்யாமல், ஸ்டார்ட்டில் 'சிஎம்டி' என்று தேடி, வலது கிளிக்கில் 'றன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறந்து, ஃபைலை அதற்குள் இழுத்துப் போட்டு (விழாவிட்டால் ஃபோல்டரோடு சேர்த்து அதன் முழுப் பெயரை மேற்கோள் குறிக்குள் எழுதி) என்டர் தட்டுங்கள். இனி எழுத்து நிற்கும். 'எலிவேஷன் தேவை' என்று வந்தால் அட்மின் அனுமதி இல்லாமல் ஓட்டியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். ஃபைல் பெயர், ஃபோல்டர் பெயர் பிழை என்ற பொருளில் ஆங்கில வரி வந்தால் ஃபைலைத் தேடி அலையாதீர்கள். விண்டோஸின் இந்த வாசகம் பலரைத் திசைதிருப்பியிருக்கிறது. ஸ்கிரிப்டில் எழுதிய அடப்டர் பெயர் இந்தக் கணனியில் இல்லை என்பதே பெரும்பாலும் இதன் அர்த்தம்.

பழைய போர்ட்டின் பெயர் 'ஈதர்நெட்'. புதிதாகக் குத்தியதற்கு விண்டோஸ் 'ஈதர்நெட் 2' என்று வைத்திருக்கும். சரிபார்க்க, 'நெட்எஸ்எச் இன்டர்ஃபேஸ் ஷோ இன்டர்ஃபேஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள் (முதற்சொல் என், ஈ, ரி, எஸ், எச்). பட்டியலின் வலது ஓரத்தில் வரும் புதிய அடப்டரின் பெயரை, இடைவெளியும் இலக்கமும் மாறாமல், நோட்பாடில் திறந்த ஸ்கிரிப்டில் மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். பழைய பெயரைப் புதியதற்குச் சூட்டப் பார்க்க வேண்டாம். பழுதான போர்ட் அந்தப் பெயரை இன்னும் பிடித்து வைத்திருக்கலாம். மலிவான அடப்டரை வேறு யூஎஸ்பி துளையில் குத்தினால் 'ஈதர்நெட் 3' ஆகிவிடுவதும் உண்டு. துளையை மாற்றாதபடி டேப் ஒட்டிவிடுங்கள்.

ஸ்கிரிப்ட் பிழையில்லாமல் முடிந்தும் இணையம் போனால், இடையில் ரூட்டர் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய ரூட்டரின் முகவரி 192.168.1.1, புதியதன் முகவரி 192.168.8.1 என்றால் ஸ்கிரிப்டில் கணனி முகவரி, கேட்வே (வெளியே போகும் வழியான ரூட்டரின் முகவரி), டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியாக்கித் தருவது) மூன்றையும் மாற்ற வேண்டும், சப்நெட் மாஸ்க் எனும் 255.255.255.0 அப்படியே இருக்கட்டும். ரூட்டர் தானாகக் கொடுக்கும் முகவரிகளின் கடைசி எண் 100 முதல் 200 வரை என்றால் கணனிக்கு 192.168.8.50 வையுங்கள். கொப்பி மெஷினும் புது ரூட்டரின் முகவரி வரிசையில்தான் இருக்க வேண்டும், மெஷினின் முகவரிப் பட்டியலில் கணனியின் புது முகவரியையும் போட வேண்டும். எல்லோரும் மறப்பது இதைத்தான்.

அடப்டரைச் சந்தேகிக்கும் கட்டம் ஒன்று உண்டு: முகவரியைத் தானியங்கிக்கு (ரூட்டரே கொடுக்கும்படி) மாற்றிய பிறகும் 'ஐபிகொன்ஃபிக்' கட்டளையில் 169.254 என்று தொடங்கும் முகவரி, அதாவது ரூட்டரிடம் முகவரி கிடைக்காதபோது விண்டோஸ் தானே வைப்பது, வந்தால். முதலில் கேபிளை மாற்றுங்கள், போர்ட்டில் விளக்கு எரிகிறதா பாருங்கள், அடப்டரை வேறு கணனியில் குத்துங்கள். அங்கும் 169.254 என்றால் பில்லோடு கடைக்குப் போகலாம். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லலாம். எழுத்து முறைப்பாடு, வாங்கிய 3 மாதத்துக்குள். மாற்றித் தருவதாக இருந்தால் ஆர்ரிஎல் 8153 சிப் உள்ளதைக் கேளுங்கள். விண்டோஸ் 10 பொதுவாக அதைத் தானாகவே கண்டுகொள்ளும். டிரைவர் சீடியோடு வருவதை வாங்கி, சீடி டிரைவ் இல்லாத கணனியோடு என்ன செய்வது?

கேள்வி: முல்லைத்தீவில் இருந்து. நண்பர் வட்ஸ்அப்பில் அனுப்பிய அதே மாதிரி ஸ்கிரிப்ட், பெயர் சரியாக இருந்தும் ஓடவில்லை.

பதில்: மேற்கோள் குறிகளைப் பாருங்கள். போனிலோ வேர்ட்டிலோ போய் வந்தால் நேர்க்குறி வளைந்த குறியாகிவிடும்; கட்டளைக்கு அது புரியாது. நோட்பாடில் அழித்துக் கையால் தட்டுங்கள். சேமித்த பெயரின் கடைசியில் 'டொட் ரிஎக்ஸ்ரி' ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள், விண்டோஸ் அதை மறைத்து வைக்கும்.