எட்டா பத்தா, எந்த பைனாகுலர்?

8×42 வாங்கலாமா 10×42 வாங்கலாமா, கடைக்காரர் அதே விலைக்கு 20×50 தர்றேங்கிறாரே, நான் கண்ணாடி வேற போட்டிருக்கேன், வேடந்தாங்கலுக்கும் ஊர் பக்கத்து தோப்புக்கும்தான் போவேன்னு கேட்டிருக்கீங்க.

மொத எண் எத்தனை மடங்கு பெருசா காட்டும்ங்கிறது, ரெண்டாவது முன்பக்க லென்ஸோட விட்டம், மில்லிமீட்டர்ல. அந்த இருபதை மொதல்ல மறந்துடுங்க. நானும் ஆரம்பத்துல ஆசைப்பட்டு ஒண்ணு வாங்கி வேடந்தாங்கல் கரையில நின்னு பாத்தேன், கூழைக்கடா ஆடுதா நான் ஆடுறேனான்னே புரியல, இத்தனைக்கும் அது கூட்டுல சிவனேன்னு உக்காந்திருந்துச்சு. பறவையை எவ்ளோ பெருசாக்குதோ அவ்ளோ கை நடுக்கத்தையும் பெருசாக்கும். ட்ரைபாட் இல்லாம அது வேலைக்கு ஆகாது.

இப்ப எட்டா பத்தா? 80 மீட்டர் தள்ளி இருக்குற பறவை 8ல பாத்தா 10 மீட்டர்ல இருக்குற மாதிரி தெரியும், 10ல பாத்தா 8 மீட்டர். அவ்ளோதான். ஆனா ஆயிரம் மீட்டர் தூரத்துல 8×42 சுமாரா 130 மீட்டர் அகலம் காட்டும், 10×42 பெரும்பாலும் 110 சொச்சம்தான். ஏரியில இது பெரிய விஷயமில்ல, நத்தைகுத்தி நாரை எங்கயும் ஓடிடாது. தோப்புலதான் வலிக்கும். ஆலமரத்துக்குள்ள மஞ்சளா ஒண்ணு பளிச்சுனு தாவுது, மாங்குயிலா இருக்கும்னு தூக்கி கண்ணுல வைக்கிறீங்க, பூரா இலையா தெரியுது, எந்தக் கிளைன்னு தேடி முடிக்கிறதுக்குள்ள அது அடுத்த மரத்துக்குப் போயிடும். அதனால உங்களுக்கு எட்டுதான்.

வெளிச்சமும் அதுலதான் ஜாஸ்தி. 42ஐ 8ஆல வகுத்தா 5.25, பத்தால வகுத்தா 4.2, கண்ணுக்கு வர்ற வெளிச்ச வட்டம் அத்தனை மில்லிமீட்டர். நடுப்பகல்ல ஒண்ணும் தெரியாது, விடிகாலைல தெரியும்.

கண்ணாடிக்கு ஐ ரிலீஃப், அதாவது லென்ஸ்லேர்ந்து கண்ணை எவ்ளோ தள்ளி வச்சாலும் முழுப் படமும் தெரியுங்கிற தூரம், 15, 16 மில்லிமீட்டராவது இருக்கான்னு கேளுங்க. கண் வைக்கிற பக்கத்து ரப்பர் கப்பை கீழ இறக்கிட்டு கண்ணாடியோடவே பாருங்க, ஓரம் கறுக்காம வட்டம் முழுசா தெரியணும். அப்புறம் பைனாகுலரை கை நீட்டி தள்ளிப் பிடிச்சு, வெளிச்சமான பக்கம் திருப்பி, கண் வைக்கிற லென்ஸ்ல தெரியுற வெள்ளை வட்டத்தைப் பாருங்க, ஓரம் வெட்டுன மாதிரி சதுரமா இருந்தா உள்ள ஒளியைத் திருப்புற ப்ரிசம் கண்ணாடி மட்டமான சரக்கு.

பழவேற்காட்டு பூநாரை, கோடியக்கரை உள்ளான்னு வெட்டவெளிக்கு மட்டுமே போறவங்களா இருந்தா நானே பத்து எடுக்கச் சொல்லியிருப்பேன். ஜூம் மாடல்னு ஏதாவது எடுத்து நீட்டுனா மட்டும் சிரிச்சுட்டு வெளிய வந்துடுங்க.