ஜப்பானில் உணவுச் சுற்றுலாவுக்கு வழிகாட்டி அவசியமா?

கைப்பேசி வரைபடம் இருக்கும்போது வழிகாட்டிக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கோயில்களையும் கோட்டைகளையும் பார்ப்பதற்கு அவசியமில்லை. உணவைப் பொறுத்தவரை அவசியம் என்பேன்.

டோக்கியோவின் ஸுகிஜியில் இருந்த மொத்த மீன் சந்தை 2018 அக்டோபரில் டொயோசுவுக்கு இடம்பெயர்ந்துவிட்டாலும், வெளிச்சந்தையின் சிறு கடைகள் பழைய இடத்திலேயே இயங்குகின்றன. அங்கே, புகையூட்டி உலர்த்திய சூரை மீனைச் சீவி விற்கும் கடையின் முன் நின்று, அந்தச் சீவலும் கொம்பு என்னும் கடற்பாசியும் சேர்ந்த ‘தாஷி’ என்ற சாறே மிசோ சூப் முதல் நூடுல்ஸ் வரை பலவற்றுக்கும் அடிப்படை என்று ஒருவர் விளக்கும்போதுதான், காய்கறி மட்டுமே தெரியும் கிண்ணத்திலும் மீன் இருக்கக்கூடும் என்பது புரிகிறது. ஆகவே, சைவ உணவுக்காரர்கள் முன்பதிவின்போதே மீன்சாறும் கூடாது என்று சொல்லிவிட வேண்டும். ‘இறைச்சி வேண்டாம்’ என்பது போதாது.

கியோத்தோவின் நிஷிகி சந்தையில் நடந்துகொண்டே உண்பதைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொள்கிறார்கள். வாங்கிய கடையருகிலேயே உண்டு முடிப்பது முறை.

2018 ஜனவரி முதல் உரிமம் இல்லாதவர்களும் கட்டணம் பெற்று வழிகாட்டச் சட்டம் அனுமதிப்பதால், வழிகாட்டி தேசியத் தேர்வில் தேறியவரா என்று முன்கூட்டியே விசாரியுங்கள்.