ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளும் அங்கு வாழும் நுண்ணுயிர்களும்: கேள்வி பதில்

வெள்ளவத்தையில் நம் வாசகர் வட்டம் கூடி ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளைப் பற்றிக் கதைத்தபோது நேரம் போதவில்லை. பெரும்பாலும் கடலடி மலைத்தொடர்களில், பாறை வெடிப்புகளுக்குள் இறங்கிய கடல்நீர் எரிமலைச் சூட்டில் சூடேறி மீண்டும் பீறிடும் இடங்கள் அவை. மிச்சக் கேள்விகளை எழுதி அனுப்பச் சொன்னேன், நிறையவே வந்திருக்கின்றன. நான் நுண்ணுயிரியல் படிப்பித்தவள். அந்தப் பக்கக் கேள்விகளுக்கு விரிவாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் எழுதியிருக்கிறேன்.

பம்பலப்பிட்டி, உயர்தர மாணவி: 350 பாகை வெப்பத்திலும் பற்றீரியா வாழ்கிறது என்று ரியூசனில் சொன்னார்கள். புரதம் சிதையாதா மிஸ்?

சிதையும். உங்கள் சந்தேகம்தான் சரி. 350 பாகை செல்சியஸில் எந்த உயிரும் இல்லை. அது ஊற்றின் வாயிலிருந்து பீறிடும் தண்ணீரின் வெப்பநிலை, உயிர்கள் இருக்கும் இடத்தின் வெப்பநிலை அல்ல. இன்றுவரை ஆய்வுகூடத்தில் வளர்த்துக் காட்டப்பட்ட உச்ச எல்லை 122 பாகை. மெதனோபைரஸ் காண்ட்லெரி என்ற ஆர்க்கியா (பற்றீரியா போலத் தெரிந்தாலும் வேறு குலத்தைச் சேர்ந்த நுண்ணுயிர்) ஒன்றை, ஏறத்தாழ 200 வளிமண்டல அமுக்கத்தில் வைத்து, ஜப்பானிய ஆய்வாளர்கள் 2008இல் அந்த வெப்பத்தில் பெருக வைத்தார்கள். அதை எடுத்த இடம் நம் இந்து சமுத்திரத்தின் கெய்ரெய் ஊற்றுப் பகுதி. இங்கிருந்து தெற்கே சுமார் 3,700 கிலோமீற்றர்.

புகைபோக்கி போல வளர்ந்து நிற்கும் அந்தக் கனிமத் தூணின் உள்ளே 350 பாகை. வெளியே ஆழ்கடல் நீர் 2 பாகை. சுவரின் தடிப்போ சில சென்ரிமீற்றர் முதல் சில பத்துச் சென்ரிமீற்றர் வரைதான். இந்தக் குறுகிய இடைவெளிக்குள் 120, 80, 40, 10 என்று எல்லா வெப்பநிலையும் அடுக்கடுக்காக இருக்கிறது. ஒவ்வொரு அடுக்கிலும் அதற்கு ஏற்ற நுண்ணுயிர்க் கூட்டம். வெப்பம் விரும்பும் ஆர்க்கியாவின் கல மென்சவ்வு எளிதில் அறுபடாத ஈதர் பிணைப்புகளால் ஆனது. அதன் டிஎன்ஏ பிரிந்துவிடாமல் இறுக்கி முறுக்கி வைக்க ஒரு தனி நொதியமும் உண்டு. அப்படிப்பட்டவற்றுக்கே 122 எல்லை என்றால் 350ஐப் பற்றிப் பேச்சே இல்லை. பரீட்சையில் தயவுசெய்து அந்த எண்ணை எழுதாதீர்கள்.

மருதானை வாசகர்: அவ்வளவு சூட்டில் அந்தத் தண்ணீர் ஏன் ஆவியாகவில்லை?

அமுக்கம். 10 மீற்றர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகிறது. 2,500 மீற்றரில் 250 மடங்கு. அந்த அமுக்கத்தில் 350 பாகையிலும் அது திரவமாகவே இருக்கும்.

கொட்டாஞ்சேனை, ஓய்வுபெற்ற ஆசிரியர்: சூரிய ஒளி இல்லாமலே ஒரு முழு உலகம் இயங்குகிறது என்றால், நாங்கள் வருடக்கணக்காகப் படிப்பித்த உணவுச் சங்கிலி பிழைதானே?

சேர், உங்கள் பாடம் பிழையில்லை. அதற்கு இன்னொரு தொடக்கம் இருக்கிறது என்பதுதான் செய்தி.

1977இல் கலாபகசுத் தீவுகளுக்கு அருகே, சுமார் 2,500 மீற்றர் ஆழத்தில், அல்வின் என்ற நீர்மூழ்கியில் இறங்கியவர்கள் பாறையையும் வெந்நீரையும் தேடிப் போன புவியியலாளர்கள். உயிரியலாளர் ஒருவரும் அந்தப் பயணத்தில் இல்லை. பாலைவனம் போல இருக்கும் என்று நினைத்த இடத்தில் சிப்பிகளும் நண்டுகளும், ஆள் உயரத்துக்கு மேல் நீண்ட, சிவப்புத் தலை கொண்ட குழாய்ப் புழுக்களும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. ரிஃப்டியா என்ற அந்தப் புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. அப்படியானால் எதைத் தின்கிறது? அப்போது பட்டப்பின்படிப்பு மாணவியாக இருந்த கொலீன் கவனா 1981இல் விடையை வெளியிட்டார்: அதன் உடலுக்குள் ஓர் உறுப்பு முழுக்கப் பற்றீரியாக்கள். புழு தன் சிவப்புத் தலையால் ஐதரசன் சல்பைட்டையும் ஒட்சிசனையும் உறிஞ்சுகிறது. பற்றீரியா சல்பைட்டை ஒட்சியேற்றி, கிடைக்கும் சக்தியால் காபனீரொட்சைட்டை உணவாக்குகிறது. சல்பைட்டு நமக்குச் சயனைட்டைப் போன்ற நஞ்சு. புழுவின் ஈமோகுளோபினோ ஒட்சிசனை ஓரிடத்திலும் சல்பைட்டை வேறோரிடத்திலும் பிடித்துக்கொள்வதால் இரண்டும் மோதாமல் பயணிக்கின்றன. இந்தப் பற்றீரியா தாயிடமிருந்து வருவதில்லை. குஞ்சுப் புழு கடல் நீரிலிருந்து அதைத் தன் தோல் வழியாக ஏற்றுக்கொள்கிறது. அதன் பிறகு குஞ்சுக்கு இருந்த குடல் மறைந்துபோகிறது.

இப்படிக் கனிமப் பொருளிலிருந்து சக்தி எடுக்கும் வழியை இரசாயனத்தொகுப்பு என்கிறோம். 1880களில் ரஷ்யரான செர்கெய் வினோகிராட்ஸ்கி கந்தகப் பற்றீரியாக்களிடம் இதைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் ஒரு முழுக் காட்டையே அது தாங்கி நிற்கும் என்று 1977 வரை யாரும் நினைக்கவில்லை.

இனி நான் எங்கே போனாலும் சொல்லும் எச்சரிக்கை. ‘சூரியனே தேவையில்லை’ என்று சொல்லாதீர்கள். அந்தப் புழு எடுக்கும் ஒட்சிசன் எங்கிருந்து வந்தது? கடல் மேற்பரப்பிலும் தரையிலும் ஒளித்தொகுப்பு செய்தவை விட்டது. துருவப் பகுதிகளில் குளிர்ந்த நீர் கீழே இறங்கும்போது அதை ஆழத்துக்குக் கொண்டுபோகிறது. காஸ் சிலிண்டர் நிறைய இருந்தாலும் காற்று இல்லாவிட்டால் அடுப்பு எரியாது. அங்கே சல்பைட்டு காஸ், ஒட்சிசன் காற்று.

தெஹிவளை, கிரான்ட்பாஸ், மட்டக்குளி மூவரும்: கன்னியா வெந்நீர்க் கிணறுகளிலும் இதே உயிர்கள் உண்டா?

மூவருக்கும் ஒரே பதில். திருகோணமலைக் கன்னியாவில் 40 பாகையை ஒட்டிய சூடுதான். மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்குப் போய்ச் சூடாகித் திரும்பி வருகிறது. எரிமலையும் இல்லை, கடலடி மலைத்தொடரும் இல்லை. வெப்பம் விரும்பும் பற்றீரியா சில இருக்கலாம். குழாய்ப் புழு உலகம் இல்லை.

பொரளை, மருத்துவ மாணவர்: வயிற்றுப்புண் உண்டாக்கும் ஹெலிகோபக்டர் பைலோரிக்கு ஆழ்கடலில் உறவுக்காரர்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை. வந்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

வெந்நீர் ஊற்றுகளில் சல்பைட்டும் ஐதரசனும் கலந்த இளஞ்சூட்டு இடங்களில் மிக அதிகமாகக் காணப்படும் கூட்டம் ஒன்றுக்கு இன்று கம்பைலோபக்டெரோட்டா என்று பெயர். ஹெலிகோபக்டரும், கோழி இறைச்சியிலிருந்து வயிற்றோட்டம் தரும் கம்பைலோபக்டரும் அதே கூட்டம். 2007இல் சல்ஃபுரோவம், நைட்ரட்டிரப்டர் என்ற இரண்டு ஆழ்கடல் இனங்களின் மரபணுத்தொகுதி வாசிக்கப்பட்டது. நோய் உண்டாக்கும் உறவினர்களிடம் இருக்கும் சில மரபணுக்கள் அவற்றிடமும் இருந்தன. ஆழ்கடலில் அவை யாருக்கும் நோய் தருவதற்காக இல்லை. சூடும் நச்சும் நிமிடத்துக்கு நிமிடம் மாறும் ஓர் இடத்தில் ஒட்டிக்கொள்ள, சூழலை உணர, தாக்குப்பிடிக்க அவை தேவை. அதே திறமைதான் பின்னால் ஒரு விலங்கின் வயிற்றுக்குள் குடியேறவும் உதவியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

ஐதரசன் வாயுவிலிருந்து சக்தி எடுக்கும் பழக்கத்தை ஹெலிகோபக்டர் இன்னும் விடவில்லை. நம் குடல் பற்றீரியாக்கள் நொதித்தலில் வெளிவிடும் ஐதரசனை அது பயன்படுத்துகிறது. ஊற்றருகே உறவினர் செய்யும் அதே வேலையை இது நம் இரைப்பையில் செய்கிறது. நீங்கள் நோயாளியின் வயிற்றைப் பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

வத்தளை வாசகர்: 2004 சுனாமிக்கு இந்த ஊற்றுகள் காரணமா?

இல்லை. அது சுமாத்திராவுக்கு அருகே ஒரு தட்டு இன்னொன்றின் கீழ் செருகும் இடத்தில் வந்த பூகம்பம். மேலதிகக் கேள்விகளைப் புவியியலாளரிடம் கேளுங்கள்.

இந்த இடம் வரை எழுதி வட்டத்தில் பகிர்ந்ததும் பதிலுக்குப் பதில் வரத் தொடங்கிவிட்டது. எல்லாம் சூரியனைப் பற்றி.

கொட்டாஞ்சேனை ஆசிரியர் மீண்டும்: நீங்களே சொன்ன மெதனோபைரஸ் ஒட்சிசன் எடுப்பதில்லையே. அப்படியானால் சூரியன் தேவையில்லை என்பது சரிதானே?

அந்த உயிருக்குச் சரி, சேர். அது ஐதரசனையும் காபனீரொட்சைட்டையும் சேர்த்து மெதேனாக்கி வாழ்கிறது; இரண்டும் பூமிக்குள்ளிருந்தே கிடைக்கும். என் எச்சரிக்கை புழுவுக்கும் சிப்பிக்கும் இறாலுக்கும். படத்தில் நாம் பார்த்து வியக்கும் பெரிய உயிர் ஒவ்வொன்றும் ஒட்சிசனை நம்பியே இருக்கிறது. யாரைப் பற்றிச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டுச் சொன்னால் எனக்கு மறுப்பில்லை.

தெஹிவளை, பொறியியலாளர்: நான் ஆசிரியர் பக்கம். சூரியன் நாளைக்கே அணைந்தாலும் அந்தப் புழுக்கள் தப்பிவிடும்.

கொஞ்சக் காலம் தப்பும். கடலில் கரைந்திருக்கும் ஒட்சிசன் தீரும் வரை. அதைப் புதுப்பிக்க யாரும் இல்லையே. அதன்பின் மெதேன் ஆக்கும் ஆர்க்கியாவும் அதைப் போன்றவையும் மிஞ்சும். அந்த உலகத்தில் விலங்கு இருக்காது.

வெள்ளவத்தை, பல்கலைக்கழக மாணவி: 2005இல் ஊற்றருகே ஒளித்தொகுப்பு செய்யும் பற்றீரியா ஒன்றைக் கண்டார்களே. அது எந்தப் பக்கம்?

அருமை. கிழக்குப் பசுபிக் கடலடியில் எடுத்த மாதிரியிலிருந்து ஒரு பச்சைக் கந்தகப் பற்றீரியாவை வளர்த்தார்கள். சூடான ஊற்றுவாய் நம் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்ல ஒளிர்கிறது. அந்த ஒளியில் அது வாழ்வதாகக் கருதுகிறார்கள். அப்படியானால் அது சூரியன் இல்லாத ஒளித்தொகுப்பு. ஒட்சிசனும் அதற்கு வேண்டாம். பொறியியலாளர் தன் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கொட்டாஞ்சேனை ஆசிரியர், மூன்றாம் முறை: ஆதிப் பூமியில் ஒட்சிசனே இல்லை. ஆனாலும் உயிர் தோன்றியது. அது ஊற்றருகே என்றால் நான் சொன்னதுதானே முடிவு?

இந்த வாதத்தின் நல்ல இடம் இதுதான். வளியில் ஒட்சிசன் நிலைத்தது சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்தான். அதற்கு முன்பே ஊற்றுகளும் நுண்ணுயிர்களும் இருந்தன. குழாய்ப் புழு போன்ற ஒன்று இருந்திருக்க முடியாது. ஆகவே சூரியன் இல்லாத வாழ்வு என்பது நுண்ணுயிர்களின் வாழ்வு. இதில் நாம் இருவரும் ஒத்துப்போகலாம்.

உயிர் அங்கேதான் தோன்றியதா? நிரூபணம் இல்லை. 2000இல் அத்திலாந்திக்கில் லொஸ்ட் சிற்றி என்ற வேறுவகை ஊற்றுப் பகுதி கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே நீர் 40 முதல் 90 பாகை வரை, காரத்தன்மை பீஎச் 9 முதல் 11 வரை. சுண்ணக் கோபுரங்கள் 60 மீற்றர் உயரம் எட்டுகின்றன. பாறையும் கடல்நீரும் வினைபுரிந்து ஐதரசன் வெளிவருகிறது. காரநீருக்கும் கடல்நீருக்கும் இடையே இயல்பாகவே புரோத்தன் வேறுபாடு, அதாவது ஐதரசன் அயன் ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்த நிலை, உண்டாகிறது. இன்றுள்ள கலங்களும் புரோத்தன் வேறுபாட்டைக் கொண்டே சக்தி சேமிக்கின்றன. அதனால் மனதளவில் நான் இந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறேன். ஆனால் நனைந்து காய்ந்து நனையும் தரைக் குளங்கள்தான் தொட்டில் என்பவர்களிடமும் வலுவான வேதியியல் இருக்கிறது. பெரிய மூலக்கூறுகள் இணைய நீர் விலக வேண்டும். கடலடியில் அது கடினம்.

சூரியன் பற்றி இத்துடன் போதும். இன்னும் ஆறு கடிதம் அதே கேள்வியோடு இருக்கிறது. மேலே உள்ளதை வாசியுங்கள்.

கொள்ளுப்பிட்டி வாசகர்: அஃபனாசி நிகிட்டின் கடல்மலையில் இந்தியா வெந்நீர் ஊற்றுகளைத் தோண்டப் போகிறதா?

அது இலங்கைக்குத் தென்கிழக்கே இந்து சமுத்திரத்தின் அடியில் உள்ள மலை. அங்கே தேடுவது கோபால்ட் படிந்த பாறை மேலோட்டை. வெந்நீர் ஊற்றை அல்ல. இலங்கை உரிமை கோரும் கண்டமேடைப் பரப்புக்குள் அது வருகிறதா என்பது கடற்சட்டம் தெரிந்தவரிடம் கேட்க வேண்டியது.

ஊற்றுப் பகுதிகளின் சல்பைட்டுக் கனிமத்துக்கும் ஆய்வு ஒப்பந்தங்கள் உண்டு. இந்து சமுத்திர மலைத்தொடரில் இந்தியாவுக்கு 2016இல் ஒன்று கிடைத்தது. எனக்கு உண்மையில் கவலை தருவது இதுதான். கெய்ரெய்யில் இரும்புச் சல்பைட்டுச் செதில் அணிந்த ஒரு நத்தை வாழ்கிறது. இரும்பைக் கவசமாக அணியும் வேறு விலங்கு எதுவும் அறியப்படவில்லை. உணவு கொடுப்பது அதன் உணவுக்குழாய்ச் சுரப்பிக்குள் இருக்கும் பற்றீரியா. 2019இல் அது அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் செம்பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆழ்கடல் அகழ்வு அச்சுறுத்தல் என்ற காரணத்துக்காக அப்படிச் சேர்க்கப்பட்ட முதல் இனம் அது. அப்போது அது வாழ்வதாகத் தெரிந்த இடங்கள் மூன்றே மூன்று. எரிமலை வெடித்து அழிந்த பசுபிக் ஊற்றுகளில் ஓரிரு ஆண்டில் புழுக்கள் திரும்பி வந்தது உண்மைதான். அதைக் காட்டி ‘தோண்டினாலும் வளரும்’ என்கிறார்கள். நான் ஏற்கவில்லை. அங்கே வெடிப்புகள் அடிக்கடி வரும், அந்த உயிர்கள் அதற்குப் பழகியவை. நம் பக்கத்து மலைத்தொடர் மெதுவாக விரிவது. ஊற்றுகள் நீண்ட காலம் நிலைத்திருக்கும், ஒன்றிலிருந்து ஒன்று வெகுதூரம்.

புறக்கோட்டை வாசகர்: 350 பாகையில் வாழும் பற்றீரியாவின் பெயர் என்ன?

முதல் பதிலைப் பாருங்கள். அப்படி ஒன்று இல்லை.

இன்னொரு வாசகர், ஊர் குறிப்பிடவில்லை: லொஸ்ட் சிற்றி குமரிக்கண்டத்தின் மிச்சமா?

இல்லை. அது அத்திலாந்திக்கின் நடுவில் இருக்கிறது. அந்தக் கோபுரங்களை யாரும் கட்டவில்லை.

மட்டக்குளி, பத்தாம் வகுப்பு மாணவன்: கடலுக்கு அடியில் போக முடியாது. வீட்டில் ஏதாவது செய்து பார்க்கலாமா?

பார்க்கலாம் தம்பி. வினோகிராட்ஸ்கியின் பெயரால் ஒரு பரிசோதனை உண்டு. நீர்கொழும்புக் களப்புக் கரையில் கிடைக்கும் கறுப்புச் சேற்றை, பெரியவர் ஒருவருடன் போய், கொஞ்சம் எடு. கிழித்த செய்தித்தாளும் ஒரு முட்டை மஞ்சட்கருவும் சேர்த்துப் பிசை. இரண்டு ஒளிபுகும் போத்தல்களில் முக்கால்வாசிக்கு நிரப்பி, மேலே அதே களப்புத் தண்ணீர் ஊற்று. மூடியை இறுக்காதே, வாயு வெளியேற வேண்டும். நாற்றம் வரும் என்பதால் வீட்டுக்கு வெளியே, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வை. ஒரு போத்தலைக் கறுப்புத் தாளால் முழுவதும் சுற்றிவிடு. சில வாரங்களில் வெளிச்சத்தில் இருப்பதில் பச்சையும் ஊதாவுமாகப் பட்டைகள் தெரியத் தொடங்கும். அவை ஒளியில் வாழும் கந்தகப் பற்றீரியாக்கள். சுற்றிய போத்தலில் அந்த நிறங்கள் வராது, கறுப்புச் சேறு மட்டும் கூடும். தொட்ட பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவு. இரண்டையும் படம் எடுத்து அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வா.