மோவா மேல் என்ன கோபம்?

அன்புள்ள அக்கா,
நியூசிலாந்தின் மோவா பறவையை மரபணு வழியாக மீண்டும் உருவாக்கப்போவதாக 2025-இல் ஓர் அமெரிக்க நிறுவனம் அறிவித்தது. அது நடக்குமா? பறக்கவும் தெரியாமல், மனிதனிடமிருந்து தப்பவும் தெரியாமல் அழிந்த ஒரு முட்டாள் பறவைக்கு இத்தனை செலவு தேவையா?
— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

நடக்குமா என்பதை மரபணு படித்தவர்களிடம் கேளுங்கள். கொஞ்ச நாளாக மோவாவைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன், அதனால் அதை முட்டாள் என்று நீங்கள் போகிற போக்கில் எழுதியது என்னைத் தைத்துவிட்டது. ஒரு உயிரைப் பற்றி இப்படியா எழுதுவது?

நியூசிலாந்தில் ஓர் அருங்காட்சியகத்தில் அதன் எலும்புக்கூட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பெரிய இனத்தின் பெட்டை கழுத்தை நீட்டினால் சுமார் மூன்றரை மீட்டர், எடை 200 கிலோவுக்கு மேல். ஆண் எடையில் அதில் பாதிகூட இல்லை. தீக்கோழிக்கும் ஈமுவுக்கும் பேருக்காவது சிறகெலும்பு உண்டு, இதற்கு அதுவும் கிடையாது. நானும் பக்கவாட்டில் போய்க் குனிந்து தேடினேன். வௌவால்களைத் தவிர நிலத்துப் பாலூட்டியே இல்லாத தீவில், யாருக்குப் பயந்து பறக்க வேண்டும்? அதற்கு இருந்த ஒரே பெரிய எதிரி ஹாஸ்ட் கழுகு, அது மேலிருந்து வந்தது.

மோவாவைக் கொன்றது அது மெதுவாகப் பெருகியதுதான். இன்றைய பறவைகள் பெரும்பாலும் ஓர் ஆண்டுக்குள் வளர்ந்துவிடும். சில மோவா இனங்களின் கால் எலும்பை அறுத்துப் பார்த்தால் மரத்தில் இருப்பதுபோல ஆண்டு வளையங்கள். வளர்ந்து முடிக்கவே பல வருஷம். கூட்டில் ஒன்றிரண்டு முட்டை. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு பெட்டையை அடித்துத் தின்றால் அந்த இடத்துக்கு இன்னொன்று வர எத்தனை காலம் ஆகும்? நியூசிலாந்தின் முதல் குடிகளான மாவோரிகள் 1300 வாக்கில் வந்திறங்கினார்கள். சுமார் நூற்றைம்பது ஆண்டுகளில் ஒன்பது இனங்களும் போய்விட்டன. அப்போது அங்கே இருந்தவர்கள் மொத்தமே சில ஆயிரம் பேர்தான் என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். பேராசையோ கொடூரமோ தேவைப்படவில்லை. பசித்தவர்கள் பறவையை அடித்தார்கள், முட்டையை எடுத்தார்கள், அது போதுமானதாக இருந்தது. இதற்காக மாவோரிகளைத் திட்டக் கிளம்பாதீர்கள். 'மோவா போனதுபோலப் போயிற்று' என்று அவர்கள் மொழியிலேயே ஒரு வழக்கு உண்டு, அவர்கள் அதை மறக்கவில்லை.

சரி, செலவு. அதே நாட்டில் காகாபோ என்ற பறக்காத கிளி இன்னும் உயிரோடு இருக்கிறது. ரிமு மரம் நன்றாகக் காய்க்கும் ஆண்டில்தான், அதாவது இரண்டு முதல் நான்கு வருஷத்துக்கு ஒருமுறைதான், முட்டையிடும். 1995-இல் 51 பறவைகள் மிஞ்சியிருந்தன. கூடு கூடாகக் காவல் காத்து இருநூறைத் தாண்ட வைத்திருக்கிறார்கள். என்னிடம் பணம் இருந்தால் முதலில் அந்தக் காவலுக்குத்தான் கொடுப்பேன். மோவா அப்புறம்.

அன்புடன்,
அக்கா