அரண்மனை இல்லாத அரண்மனைக்காரன் தெரு
(வாசகர் கேள்வி பதில்)

அமைதி வேண்டும் என்று ஊர் ஊராக மெழுகுவத்தி ஏந்தி நிற்கிறார்களே, இதனால் ஒரு துப்பாக்கியாவது ஓய்ந்திருக்கிறதா?
வாசகர், விருதுநகர்

துப்பாக்கி ஓய்ந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் ஆர்மீனியாவில் வாய்ப்பூட்டு கழன்றதுண்டு. 1915 ஏப்ரல் 24 அன்று, இன்றைய துருக்கியை ஆண்ட ஒட்டோமான் அரசு, இன்று இஸ்தான்புல் எனப்படும் தலைநகரில் ஆர்மீனிய எழுத்தாளர்களையும் பாதிரியார்களையும் பிடித்துக்கொண்டு போனது. தொடர்ந்து நடந்த கொலைகளிலும், பாலைவனத்துக்கு விரட்டிய நடையிலும் மாண்டவர்கள் 6 லட்சம் முதல் 15 லட்சம் வரை என்கிறார்கள் ஆய்வாளர்கள். பிடிபட்டவர்களில் இசைமேதை கோமிதாஸும் ஒருவர். உயிர் பிழைத்தார், மனம் பிழைக்கவில்லை. 1935ல் பாரிஸ் மருத்துவமனையில் இறந்தார்.

சோவியத் ஆர்மீனியாவில் இதை வெளிப்படையாகப் பேச முடியாது. ஐம்பதாம் ஆண்டான 1965ல் தலைநகர் எரவானில் ஜனம் தெருவுக்கு வந்துவிட்டது. லட்சம் பேர் என்பார்கள். இரண்டே வருடத்தில் குன்றின் மேல் நினைவகம் எழும்பியது. உள்பக்கம் சாய்ந்த 12 கற்பலகைகள், நடுப்பள்ளத்தில் அணையாத நெருப்பு. ஏப்ரல் 24 அன்று வருகிறவர்கள் ஆளுக்கொரு பூ வைக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் நெருப்பைச் சுற்றிப் பூவாலேயே மதில் எழும்பிவிடும். அந்தப் பூக்களையும் பிறகு வீணாக்காமல், இதழ்களை ஆய்ந்து கூழாக்கித் தாள் செய்திருக்கிறார்கள்.

எங்கோ இருக்கும் ஆர்மீனியர்களுக்கும் நமக்கும் என்ன?
வாசகி, சென்னை

பாரிமுனையில் ஒரு காகிதக் கடையில் கணக்கெழுதிய காலத்தில், 'அரண்மனைக்காரன் தெரு' வழியாகத்தான் டீ குடிக்கப் போவேன். அரண்மனை எங்கே என்று ரொம்ப நாள் தேடியிருக்கிறேன். 'ஆர்மீனியன் தெரு' நம் வாயில் அப்படி ஆகிவிட்டது, அவ்வளவுதான்! 1772ல் கட்டிய அவர்கள் தேவாலயம் அங்கேயே இருக்கிறது. மணிக்கூண்டில் ஆறு மணிகள். உலகின் முதல் ஆர்மீனிய இதழான 'அஸ்தரார்' அச்சானதும் 1794ல் இதே மதராஸில்தான். சரி, ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்: இங்கே வந்தவர்கள் பாரசீகத்து ஜுல்பா வணிகர்கள். 1915க்கும் அவர்களுக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை.

துருக்கியர்களே இந்த அஞ்சலிக்கு வருகிறார்களாமே, நிஜமா?
வாசகர், திருநெல்வேலி

நிஜம்தான். 2010 முதல் இஸ்தான்புல்லிலேயே ஏப்ரல் 24 அன்று, பிடித்துப்போனவர்களின் படங்களை ஏந்தி மௌனமாக இருந்திருக்கிறார்கள். அதற்கு முன்பே ஹ்ராண்ட் டிங்க் சம்பவம். துருக்கிவாழ் ஆர்மீனியரான இவர், இஸ்தான்புல்லில் வெளிவரும் 'அகோஸ்' இதழின் ஆசிரியர். 2007 ஜனவரி 19 அன்று அலுவலக வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். விழுந்து கிடந்தவரின் காலணி அடிப்பாகம் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது புகைப்படத்தில் தெரிந்தது. இறுதி ஊர்வலத்தில் துருக்கியர்களும் சேர்ந்து பிடித்த அட்டையில் இருந்தது: 'நாங்கள் எல்லாரும் ஆர்மீனியர்கள்.' இன்றும் ஜனவரி 19 வந்தால் அந்த நடைபாதையில் கூடுகிறார்கள்.

நீங்கள் இப்படி எங்காவது நின்றதுண்டா?
அதே திருநெல்வேலி வாசகர்

ஒரே ஒரு தடவை. முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்காக, மெரினாவில். கடற்காற்றில் மெழுகுவத்தி நிற்கவே இல்லை. ஒரு தீப்பெட்டி காலி. பக்கத்தில் சுண்டல் விற்ற பையன் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு காகிதக் கூம்பின் நுனியைக் கிழித்து மேலே கவிழ்த்தான். அப்புறம் அணையவில்லை. காசு கொடுத்தேன், சுண்டலுக்கு மட்டும் எடுத்துக்கொண்டான்.