கோள் மாதிரியுரு பிழையா? ஒரு தாயாரின் கேள்விக்குப் பதில்

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். பத்தாம் தரத்தில் படிக்கும் அவருடைய மகள், பாடசாலைக் கண்காட்சிக்காக ரெஜிபோமில் கருவும் கம்பி வளையங்களில் பதினொரு மணிகளுமாக, கோள்கள் சூரியனைச் சுற்றுவதுபோல் இலத்திரன்கள் கருவைச் சுற்றும் கோள் மாதிரியுருவில், ஒரு சோடியம் அணுவைச் செய்துகொண்டிருந்திருக்கிறார். அதைக் கண்ட அண்ணன், உயர்தரத்தில் இரசாயனவியல் படிப்பவர், "இதெல்லாம் பிழை, இலத்திரன் இப்படிச் சுற்றுவதில்லை" என்று சொல்லிவிட்டாராம். செய்ததைக் கைவிடுவதா, பரீட்சையில் எதை எழுதுவது என்று பிள்ளை குழம்பிப்போயிருப்பதாகத் தாயார் கவலைப்படுகிறார்.

அம்மா, செய்ததைக் கைவிட வேண்டாம். மகன் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஒவ்வொரு அணு மாதிரியுருவும் அது தோன்றிய காலத்தில் கையிலிருந்த அவதானங்களை விளக்குவதற்காக வகுக்கப்பட்டது; அதற்குள் அடங்காத அவதானம் ஒன்று வந்தபோதுதான் அடுத்தது தேவைப்பட்டது. நாங்கள் பெயரையும் ஆண்டையும் அட்டவணையாக மனனம் செய்விப்பதால் அந்த அவதானங்கள் விடுபட்டுப்போகின்றன. பிள்ளைகளின் குழப்பம் அங்கிருந்தே தொடங்குகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

மூலகங்கள் நிலையான விகிதங்களில் சேர்வதை விளக்குவதற்கு, 1808 இல் தனது நூலை வெளியிட்ட டால்டனுக்குப் பிரிக்க முடியாத அணுவே போதுமாயிருந்தது. வாயு ஐதாக உள்ள குழாயில் மறை உலோகத் தகட்டிலிருந்து வெளிவரும் கதோட்டுக் கதிர்களை 1897 இல் ஆராய்ந்த ஜே. ஜே. தொம்சன், எந்த வாயுவை எடுத்தாலும் எந்த உலோகத்தை எடுத்தாலும் ஐதரசன் அணுவைவிட மிக இலேசான அதே மறையேற்றத் துணிக்கை, அதாவது இலத்திரன், வெளிவருவதைக் கண்டார். ஆகவே நேரேற்றமுள்ள ஒரு திரளுக்குள் இலத்திரன்கள் பதிந்திருப்பதாக அவர் கருதினார். பாடநூல்கள் பிளம் புடிங்கை உதாரணம் காட்டுகின்றன. எங்கள் பிள்ளைகளுக்குத் தொதலில் பதிந்திருக்கும் கஜுவைச் சொன்னால் உடனே விளங்கும்.

1909 இல் மான்செஸ்டரில், ரதபோட்டின் ஆய்வுகூடத்தில், கைகரும் இருபது வயது மாணவரான மாஸ்டனும் இருட்டறையில் அமர்ந்து, நேரேற்றமுள்ள கனமான அல்பா துணிக்கைகள் திரையில் மோதும்போது தோன்றும் சின்னஞ்சிறு ஒளிப்பொட்டுகளை நுணுக்குக்காட்டியினூடாக ஒவ்வொன்றாக எண்ணினார்கள். ஏறக்குறைய 0.00004 சென்ரிமீற்றர் தடிப்புள்ள பொன் தகட்டைப் பெரும்பாலான துணிக்கைகள் நேராகக் கடந்து சென்றன. ஆனால் சுமார் 20,000 இல் ஒன்று 90 பாகை அளவுக்குத் திரும்பியது. தொதல் போன்ற ஒரு திரளால் வேகமாக வரும் கனமான துணிக்கையை அப்படித் திருப்ப முடியாது. அணுவின் திணிவில் பெரும்பகுதியும் ஒரு வகை ஏற்றம் முழுவதும் மிகச் சிறிய இடத்தில் செறிந்திருந்தால் மட்டுமே அது நடக்கும் என்று ரதபோட் 1911 இல் கணித்துக் காட்டினார். மட்டக்களப்பு வெபர் மைதானத்தின் அளவுக்குப் பொன் அணு ஒன்றைப் பெருப்பித்தால், அதன் கரு நடுவில் கிடக்கும் ஒரு பச்சைப்பயறு அளவில்தான் இருக்கும்.

ஆனால் கருவைச் சுற்றும் இலத்திரன், அக்காலப் பௌதிகவியலின்படி, இடைவிடாது சக்தியைக் கதிர்வீசிக் கண நேரத்தில் கருவுக்குள் விழுந்துவிட வேண்டும். அணு எதுவும் நிலைத்திராது. 1913 இல் நீல்ஸ் போர், குறித்த சில சக்தி மட்டங்களில் இருக்கும்வரை இலத்திரன் கதிர்வீசாது என்றும், உயர்ந்த மட்டத்திலிருந்து தாழ்ந்த மட்டத்துக்கு இறங்கும்போது மட்டும் குறித்த அலைநீளமுள்ள ஒளியை விடுகிறது என்றும் முன்வைத்தார். ஐதரசன் தரும் 656 நனோமீற்றர் சிவப்புக் கோட்டையும் 486 நனோமீற்றர் நீலப்பச்சைக் கோட்டையும் அவருடைய கணிப்பு சரியாகத் தந்தது. இதன் சாயலை உங்கள் குசினியிலேயே பார்க்கலாம்: உப்புப் போட்ட கறி பொங்கி வழிந்து காஸ் அடுப்பில் விழும்போது நீலச் சுவாலை சட்டென்று மஞ்சளாகிறதே, அது சோடியத்தின் 589 நனோமீற்றர் ஒளி. மகளின் மாதிரியுருவில் வெளி வளையத்தில் தனித்து நிற்கும் அந்த ஒரு மணிதான், சக்தி பெற்று உயர்ந்து மீண்டும் இறங்கும்போது அந்த மஞ்சளைத் தருகிறது.

இரண்டு இலத்திரன்களுள்ள ஈலியத்துக்கே போரின் கணிப்பு பொருந்தவில்லை. 1924 இல் டி புரோக்லி இலத்திரனுக்கு அலை இயல்பு உண்டு என்றார். 1926 இல் ஷ்ரோடிங்கர் அந்த அலைக்குச் சமன்பாடு எழுதினார். இலத்திரன் எங்கே இருக்கக்கூடும் என்ற நிகழ்தகவை அது தருகிறது என்று மாக்ஸ் போர்ன் விளக்கினார். மகன் படிக்கும் ஓபிற்றல் இதுதான். ஆயினும் போர் ஐதரசனுக்குக் கணித்த 0.053 நனோமீற்றர் ஆரை, புதிய கணிப்பிலும் இலத்திரன் காணப்படுவதற்கு நிகழ்தகவு மிகக் கூடிய தூரமாகத் திரும்பி வருகிறது என்பதை மகனுக்குச் சொல்லுங்கள்.

சாதாரண தரத்துக்கு, சோடியத்தின் ஒவ்வொரு மட்டத்திலும் உள்ள இலத்திரன்களை மகள் 2, 8, 1 என்றே எழுத வேண்டும். முதல் இருபது மூலகங்களின் வலுவளவையும் பிணைப்பையும் விளக்க அது போதும். மூன்றாம் மட்டம் 18 இலத்திரன்கள் வரை கொள்ளுமென்றால் பொற்றாசியத்தை ஏன் 2, 8, 8, 1 என்று எழுதுகிறோம் என்று அவர் கேட்டால், அது நல்ல கேள்வி. கோள் மாதிரியுருவால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒவ்வொரு மட்டத்துக்குள்ளும் இருக்கும் உபசக்தி மட்டங்களைப் படித்த அண்ணன் சொல்லிக்கொடுக்கட்டும்.

கண்காட்சியில் சோடியம் அணுவின் கீழே "கோள் மாதிரியுரு, அளவுத்திட்டப்படி வரையப்படவில்லை" என்று எழுதி ஒட்டச் சொல்லுங்கள். அருகில் ஒரு வெள்ளை மட்டையில், நடுவில் நெருக்கமாகவும் வெளியே போகப்போக ஐதாகவும் பேனாப் புள்ளிகள் இட்டு ஐதரசனின் இலத்திரன் முகிலை அண்ணன் வரைந்து வைக்கலாம். இடமிருந்தால், நான்கு செங்கற்களில் ஒரு பலகையை உயர்த்தி, அதன் அடியில் யாருக்கும் தெரியாமல் ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வைத்து, பார்க்க வருபவர்களைப் பல பக்கங்களிலிருந்தும் போளை உருட்டச் சொல்லுங்கள். எது நேராகப் போகிறது, எது திரும்பி வருகிறது என்பதைக் கொண்டு சிரட்டை இருக்குமிடத்தை அவர்களே கண்டுபிடிப்பார்கள். ஒன்றை மட்டும் மகள் மறக்காமல் சொல்ல வேண்டும்: போளை சிரட்டையில் மோதித் திரும்புகிறது, அல்பா துணிக்கையோ கருவைத் தொடாமலே அதன் நேரேற்றத்தால் தள்ளப்பட்டுத் திரும்புகிறது.