வட்டியில்லாக் கைபேசிக் கொடுப்பனவு: கேட்டவையும் சொன்னவையும்

ஐந்து சந்திக் கடைக்காரர்: கடையில லங்காகியூஆர் (கைபேசியால ஸ்கான் பண்ணிக் காசு கட்டுற குறியீடு) ஒட்டியிருக்கிறன். வட்டியைத் தடுக்கிற இஸ்லாமிய மார்க்கப்படி பிழையா?

ஸ்கான் பண்ணிக் காசு மாறுவதில் வட்டி இல்லை, நானா. காசு வந்து விழும் கணக்கைப் பாருங்கள். சேமிப்புக் கணக்கென்றால் வட்டி சேரும். 2011 ஓகஸ்டில் தொடங்கிய அமானா வங்கி போல வட்டியில்லா வங்கிகளிலும் கணக்குத் திறக்கலாம்.

யாழ். பல்கலை மாணவி: மக்கள் இஸ்லாமியக் கொடுப்பனவுச் சேவைக்கு மாறுவது ஏன் என்று ஆய்வு செய்கிறேன். மார்க்கப் பற்றை மட்டும் எடுத்தால் போதுமா?

போதாது தங்கச்சி. பயன் உண்டா, பாவிக்க இலகுவா என்ற இரண்டையும், மக்கள் தொழில்நுட்பத்தை ஏற்பது பற்றி ஆய்ந்த ஃபிரெட் டேவிஸ் 1989இலேயே முன்வைத்துவிட்டார். நம்பிக்கையையும் சுற்றியிருப்பவர்களின் சொல்லையும் சேருங்கள். மார்க்கப் பற்று ஒருவரைக் கணக்குத் திறக்க வைக்கும். செயலி அடிக்கடி தொங்கினால் அவர் மறுபடி காசுத்தாளுக்கே போய்விடுவார். "நீங்கள் மார்க்கப் பற்றுள்ளவரா?" என்று வினாக்கொத்தில் போடாதீர்கள். எவர் இல்லை என்பார்? "கணக்கில் விழுந்த வட்டியை என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள், ஆள் தெரியும்.

சோனகத் தெரு வாசகர்: செயலியில் காசு போட்டு வைத்தால் விலைக்கழிவு தருகிறார்கள். அது வட்டியா?

இந்தோனேசியாவில் பெரிய வாதமே நடந்த விசயம் இது. நீங்கள் போட்டு வைக்கும் காசு நிறுவனத்துக்குக் கொடுத்த கடன் என்று கொண்டால், கடன் கொடுத்ததற்காக நிபந்தனையோடு கிடைக்கும் சலுகை வட்டிதான் என்பது ஒரு சாராரின் வாதம். பொருள் விற்பவரே விலையைக் குறைத்தால் அந்தச் சிக்கல் இல்லை. அந்நாட்டு உலமா சபை 2017இல் 116ஆம் இலக்க பத்வாவில் (மார்க்கத் தீர்ப்பில்), ஷரீஆ எனும் இஸ்லாமியச் சட்டப்படியான மின்காசின் இருப்பை ஷரீஆ வங்கியில்தான் வைக்க வேண்டும் என்றது. 2020இல் லிங்க்அஜா என்ற அந்நாட்டுக் கொடுப்பனவுச் செயலி தன் ஷரீஆ சேவையைத் தொடங்கியது. என் கணிப்பில், ஒதுங்கி நிற்பவர்களில் பலரை நிறுத்தி வைப்பது வெறுப்பில்லை, இப்படியான ஐயம்தான். விளம்பரத்தில் பள்ளிவாசல் படம் போடுவதை விட, காசு எங்கே கிடக்கிறதென்று ஒரு வரியில் எழுதினால் ஆள் சேரும்.

சாவகச்சேரியில் இருந்து: நான் சைவ சமயம். வட்டியில்லா வங்கியில எனக்கும் கணக்குத் தருவினமோ?

தருவினம், அண்ணை.

இன்னொருவர்: உம்மா செயலியைத் தொடவே பயப்படுகிறா.

நூறு ரூபாவை அவவின் கையாலேயே பக்கத்துக் கடைக்கு அனுப்ப விடுங்கள். குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி எனும் ஒருமுறைக் கடவு இலக்கத்தை யார் கேட்டாலும், வங்கிக்காரர் என்று சொன்னாலும், கொடுக்க வேண்டாம் என்று முதலில் சொல்லிக் கொடுங்கள்.